சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு இழப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பற்றி ஊரில் நாலு பேருக்காவது தெரிந்திருக்கிறது. உயிர் பிழைத்து, கையோ காலோ முன்போல இயங்காமல் வீட்டில் முடங்கியவருக்கு என்ன கிடைக்கும், அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. தெரியாததாலேயே கிடைக்க வேண்டியதில் பாதியைக் கூடப் பெறாமல் போகிறார்கள். தமிழ்நாட்டில் மோட்டார் வாகன விபத்தில் காயம்பட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை.

ஆஸ்பத்திரிச் செலவைத் திருப்பித் தருவதுதானே இழப்பீடு?

அது ஒரு பகுதிதான், பல வழக்குகளில் சின்னப் பகுதி. விபத்துக்கு முன் அவர் எப்படி இருந்தாரோ அந்த நிலைக்கு, பணத்தால் முடிந்த அளவு, அவரைக் கொண்டுவருவதுதான் சட்டத்தின் நோக்கம். மருத்துவச் செலவு, ஊட்டச்சத்து, போக்குவரத்து, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, படுக்கையில் கிடந்த மாதங்களில் இழந்த சம்பளம் ஆகியவை முதலில் வரும். அடுத்து, ஊனத்தால் இனி வாழ்நாள் முழுக்கக் குறையப்போகும் வருமானம். பெரிய தொகை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. பின்னாளில் தேவைப்படும் அறுவை சிகிச்சை, செயற்கைக் கால் போன்ற எதிர்காலச் செலவுகளுக்கும் கேட்கலாம். செயற்கைக் கால் தேய்ந்துபோகும், மாற்ற வேண்டும் என்பதைக் கணக்கில் எடுத்து 2022-இல் உச்ச நீதிமன்றமே தொகை வழங்கியிருக்கிறது.

பில் காட்ட முடியாத இழப்புகளும் உண்டு: வலி, வேதனை, இனி ஓடவோ உட்காரவோ குழந்தையைத் தூக்கவோ முடியாமை, கல்யாண வாய்ப்பு பாதிக்கப்படுவது. இவற்றுக்குச் சிறு தொகை போட்டு முடிப்பது வழக்கமாக இருந்தது. 2024 நவம்பரில், முழுமையாக முடங்கிப்போன ஒருவருக்கு வலி, வேதனை என்ற ஒரே தலைப்பில் 15 லட்சம் ரூபாயை உச்ச நீதிமன்றம் வழங்கியது. மனுவில் இந்தத் தலைப்பைப் பேருக்கு எழுதிவிட்டுப் போகக் கூடாது என்பதற்கு அந்தத் தீர்ப்பு போதும்.

ஒரே மாதிரி எலும்பு முறிவுதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு 12 லட்சம், எனக்கு 2 லட்சம். ஏன்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். நீதிமன்றம் காயத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, அந்தக் காயம் உங்கள் பிழைப்பை என்ன செய்தது என்று பார்க்கிறது. 2010-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் உதாரணம் சொன்னது. இடது கையை இழந்தவருக்கு மருத்துவக் கணக்கில் ஊனம் சுமார் 60 சதவீதம் இருக்கலாம். அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு கிட்டத்தட்ட 100 சதவீதம். அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலையே போகாமல் இருக்கலாம். மருத்துவர் தரும் ஊன சதவீதம் ஒன்று, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறொன்று. தீர்ப்பாயம், அதாவது இந்த இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் மன்றம், முடிவு செய்ய வேண்டியது இரண்டாவதை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 34 வயதுக் கொத்தனார், மாதம் 15,000 ரூபாய் வருமானம். முழங்கால் நொறுங்கி, மருத்துவக் குழு 30 சதவீத ஊனம் என்று சான்று தருகிறது.

முதல் வழி, சென்னை உயர் நீதிமன்ற வட்டாரத்தில் வழக்கத்தில் இருக்கும் சதவீதக் கணக்கு. ஒவ்வொரு சதவீத ஊனத்துக்கும் இவ்வளவு என்று ஒரு தொகை வைப்பார்கள். 5,000 ரூபாய் என்று வைத்தால் 30 சதவீதத்துக்கு 1,50,000 ரூபாய்.

இரண்டாவது வழி, பெருக்கெண் முறை. ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். 2009-இல் வந்த சரளா வர்மா தீர்ப்பு வயதுக்கேற்ற பெருக்கெண்ணை வகுத்தது: 15 முதல் 25 வயது வரை 18, 26 முதல் 30 வரை 17, 31 முதல் 35 வரை 16, 36 முதல் 40 வரை 15 என்று குறைந்துகொண்டே போய் 65-ஐத் தாண்டியவர்களுக்கு 5. 2017-இல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பு, இன்றைய வருமானத்தோடு எதிர்காலத்தில் கூடியிருக்கக்கூடியதையும் சேர்க்கச் சொன்னது. சுயதொழில் செய்பவருக்கு 40 வயதுக்குள் 40 சதவீதம், 40 முதல் 50 வரை 25, 50 முதல் 60 வரை 10. நிரந்தர வேலையில் இருப்பவருக்கு முறையே 50, 30, 15. அது மரண வழக்கில் வந்த தீர்ப்பு என்றாலும் காயம்பட்ட வழக்குகளுக்கும் பொருந்தும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நம் கொத்தனாருக்கு 15,000-உடன் 40 சதவீதம் சேர்த்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. அதை 16-ஆல் பெருக்கினால் 40,32,000. இனி சாரம் ஏற முடியாது, குத்துக்காலிட்டு உட்கார்ந்து கலவை பூச முடியாது, ஆகவே சம்பாதிக்கும் திறனில் பாதி போய்விட்டது என்று நிரூபித்தால் 20,16,000 ரூபாய். மருத்துவச் செலவும் மற்றவையும் இதற்கு மேல். மரண வழக்கில் சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு கழிப்பார்கள். காயம்பட்டவர் உயிரோடு இருக்கிறார், சாப்பிட்டாக வேண்டும், அதனால் அந்தக் கழிவு இங்கே இல்லை.

ஒன்றரை லட்சத்துக்கும் இருபது லட்சத்துக்கும் நடுவில் இருப்பது, அவரால் தன் வேலையை இனி எப்படிச் செய்ய முடியாது என்று கூண்டில் ஏறி விவரித்ததும் அதற்கு மருத்துவர் சாட்சி சொன்னதும்தான். சதவீதக் கணக்கு, எலும்பு கூடி பழைய வேலைக்கே திரும்பியவருக்குப் பொருத்தமானது. உடலுழைப்பை நம்பியவருக்கு அதை ஒப்புக்கொண்டு வருவது பெரிய அநியாயம்.

டாக்டர் 45 சதவீதம் என்று எழுதியிருக்கிறார். தீர்ப்பாயம் குறைக்கலாமா?

குறைக்கலாம். காலுக்கு மட்டும் 45 சதவீதம் என்று எழுதியிருந்தால் முழு உடலுக்கு அது அவ்வளவு இராது. சான்றில் எது என்று தெளிவாக இருக்க வேண்டும். சிகிச்சையே தராமல் சான்று மட்டும் எழுதித் தரும் மருத்துவர்கள் விஷயத்தில் தீர்ப்பாயங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று மேலே சொன்ன 2010 தீர்ப்பே சொல்கிறது. சிகிச்சை தந்த மருத்துவரின் சாட்சியம் அல்லது அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு தரும் சான்று இருந்தால் வழக்கு நிற்கும்.

தினக்கூலி. சம்பள ரசீது, வங்கிக் கணக்கு எதுவும் இல்லை. வருமானத்தை எப்படிக் காட்டுவது?

ரசீது இல்லை என்பதற்காக வருமானமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2008-இல் நடந்த விபத்தில் வலது காலை இழந்த 24 வயதுக் காய்கறி வியாபாரியின் வழக்கு 2014-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஆவணம் ஏதுமில்லாத அவருக்கு மாத வருமானம் 6,500 என்று வைத்து, 85 சதவீதத் திறன் இழப்பு என்று கொண்டு, எதிர்கால வருமானத்துக்கு மட்டும் 17,90,100 ரூபாய் வழங்கினார்கள். தமிழ்நாட்டு வழக்குகளில் இந்தத் தீர்ப்பை அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள்.

ஆனாலும் கிடைக்கும் எதையும் விடாதீர்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, மேஸ்திரியின் சாட்சியம், ஜி-பேயில் வந்த கூலி, மகளிர் குழுக் கடன் கட்டிய பாஸ்புக், ஓட்டுநர் உரிமம் எல்லாம் உதவும். மேலே போட்ட கொத்தனார் கணக்கில் மாத வருமானத்தை 15,000-க்குப் பதில் 10,000 என்று தீர்ப்பாயம் எடுத்தால், இறுதியில் 6,72,000 ரூபாய் குறைந்துபோகும்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானமே இல்லையே?

வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு. சமைப்பது, துவைப்பது, பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது என்று நாள் முழுக்க உழைப்பவருக்கு ஓர் உத்தேச வருமானம் நிர்ணயிக்க வேண்டும், எதிர்கால உயர்வையும் சேர்க்கலாம் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே மனுவில் தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுத விடாதீர்கள்.

குழந்தைகளுக்கு, ஊன சதவீதத்தைப் பொறுத்து மொத்தமாக ஒரு தொகை என்று 2013-இல் ஓர் அளவுகோல் வந்தது. அதன்படி 90 சதவீதத்துக்கு மேல் ஊனமானாலும் 6 லட்சம்தான். ஆயுள் முழுக்கப் படுக்கையில் இருக்கப்போகும் பிள்ளைக்கு அது எந்த மூலைக்கு? பின்னால் வந்த தீர்ப்புகள் நிலைமையை மாற்றின. 12 வயதில் மூளை பாதிக்கப்பட்டு முழுமையாக முடங்கிய ஒரு சிறுமியின் வழக்கில், 2020-இல், கூட இருந்து கவனிக்கும் ஆட்களுக்கான செலவையும் பெருக்கெண் முறையிலேயே கணக்கிட்டார்கள். 2025-இல் வந்த தீர்ப்பு, குழந்தையின் உத்தேச வருமானமாக அந்த மாநிலத்தில் திறன்பெற்ற தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலியை எடுக்கச் சொல்கிறது. பழைய அளவுகோலை வைத்து உங்கள் பிள்ளையின் வழக்கை யாராவது முடிக்கப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

விபத்து நடந்த அன்றே கையில் பணம் வேண்டும். அதற்கு என்ன வழி?

இழப்பீடு வர மாதங்களோ வருடங்களோ ஆகும். அதுவரைக்கும் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கியது, பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளும் உண்டு. மத்திய அரசு 2025-இல் அறிவித்த திட்டத்தில், விபத்து நடந்ததிலிருந்து 7 நாளுக்குள் 1.5 லட்சம் ரூபாய் வரை கையிலிருந்து கட்டாமல் சிகிச்சை பெறலாம். மருத்துவமனையில் சேர்க்கும்போதே இந்த இரண்டையும் பற்றிக் கேளுங்கள்.

என்னென்ன காகிதங்கள் வேண்டும்?

வழக்கின் உயிரே முதல் சில வாரங்களில் சேரும் காகிதங்களில்தான் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் பாதிக்கப்பட்டவருக்கு இலவசம். காவல்துறை இணையதளத்திலும் எடுக்கலாம். அடுத்தது, மருத்துவமனையில் முதலில் போடும் விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பி. அதில் "தானாக வண்டியிலிருந்து விழுந்தார்" என்று எழுதியிருந்தால், பின்னால் லாரி இடித்தது என்று நிரூபிக்கப் பெரும்பாடு படவேண்டும். மயங்கிய நிலையில் இருப்பவரை அழைத்துப்போன யாரோ அவசரத்தில் சொன்னதை எழுதியிருப்பார்கள். வீட்டார் அதே வாரத்தில் அதைப் பார்த்துவிட வேண்டும், தவறிருந்தால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் சொல்லிவிட வேண்டும்.

காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துக்கடை பில்கள் (மூலப் பிரதி), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, சம்பவ இட வரைபடம், குற்றப்பத்திரிகை, இடித்த வண்டியின் ஆர்.சி. மற்றும் இன்சூரன்ஸ் விவரம் ஆகியவை அடுத்து. 2022 விதிகளின்படி காவல்துறையே 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். அவற்றின் நகலை நீங்களும் கேட்டு வாங்கலாம்.

எலும்பு முறிந்ததும் புத்தூர் கட்டுக்குப் போகிறவர்கள் நம் ஊரில் நிறைய. போவது அவரவர் நம்பிக்கை. ஆனால் அதற்கு முன் அரசு மருத்துவமனையில் காட்டி, எக்ஸ்ரே எடுத்து, பதிவு செய்துவிட்டுப் போங்கள். முறிவு இருந்ததற்கே சான்றில்லாமல் போனால், நொண்டும் காலைக் காட்டி மட்டும் இழப்பீடு வாங்க முடியாது.

எத்தனை நாளுக்குள் மனுப் போட வேண்டும்? எங்கே?

2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம். இந்தக் கெடு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. காலம் கடந்துவிட்டது என்ற காரணத்துக்காக மனுவைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். சிகிச்சை முடியவில்லை என்று காத்திருக்கத் தேவையில்லை. ஊனச் சான்றைப் பிறகு தாக்கல் செய்யலாம்.

விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், இவற்றில் எந்த எல்லையில் உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் போடலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம்தான் தீர்ப்பாயம். எம்.சி.ஓ.பி. என்று சொல்வது இந்த மனுவைத்தான்.

என் மேலும் தவறு இருக்கிறதே, கிடைக்குமா?

உங்கள் பங்குக்கு ஏற்பக் கழிப்பார்கள், முழுதாக மறுக்க மாட்டார்கள். 30 சதவீதத் தவறு உங்களுடையது என்றால் 70 சதவீதம் கிடைக்கும். லைசென்ஸ் இல்லை, பைக்கில் மூன்று பேர் போனோம் என்பதற்காக மட்டும் தவறை உங்கள் தலையில் கட்ட முடியாது. விபத்து நடந்ததற்கு அது காரணமா என்று பார்க்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. ஹெல்மெட் போடாமல் தலையில் அடிபட்டவர்களுக்குத் தொகையைக் குறைத்த தீர்ப்புகள் உண்டு. குற்றவியல் வழக்கில் டிரைவர் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு விழாது, இங்கே நிரூபணத்தின் அளவு வேறு.

யாரும் இடிக்காமல் தானே விழுந்தவருக்கு, வண்டி உரிமையாளராக இருந்தால், 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு எடுத்திருந்தால் அதிலிருந்து கிடைக்க வழியுண்டு. உயிரிழப்பு, கை கால் இழப்பு, நிரந்தர முழு ஊனம் போன்ற கடும் பாதிப்புகளுக்குத்தான் அது. பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு, அந்த வண்டிக்கு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்காது. சரக்கு வண்டியில் ஏறிக் கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போகிறவர்களுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு வருடமும் இப்படிப் போகிற கூட்டத்தைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லை. நிற்காமல் போய்விட்டது. அரசுப் பேருந்து. இப்படியெல்லாம் என்றால்?

இன்சூரன்ஸ் இல்லையென்றால் உரிமையாளர் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மாவட்ட ஆட்சியர் மூலம் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வசூலாவது அவருடைய சொத்தைப் பொறுத்தது. இன்சூரன்ஸ் இருந்து, டிரைவருக்கு லைசென்ஸ் இல்லாவிட்டால், நிறுவனம் முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம்.

இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், மரணத்துக்கு 2 லட்சம். வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும், தீர்ப்பாயத்தில் இல்லை. மிகச் சிறிய தொகை. ஆகவே வண்டி எண்ணைக் கண்டுபிடிக்க, பக்கத்துக் கடைகளின் சி.சி.டி.வி. பதிவு அழிவதற்குள் காவல் நிலையத்தை நெருக்குவது மேல்.

அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு இன்சூரன்ஸ் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு, கழகமே கொடுக்க வேண்டும். தாமதமானால் தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனுப் போட்டு, நீதிமன்ற ஊழியரான அமீனா போய்ப் பேருந்தை ஜப்தி செய்த செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனம் சமரசத் தொகை சொல்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?

எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று பார்த்துப் போடுங்கள். யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாத, மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவின் கீழ் பலத்த காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் நிலையான தொகை. அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு அற்றுப்போகும். பலத்த காயம் என்றாலும் குணமாகிப் பழைய வேலைக்கே திரும்ப முடிந்தவருக்கு அது நல்ல வழி. நம் கொத்தனார் அதை வாங்கினால் லட்சக்கணக்கில் இழப்பார்.

வழக்கைச் சமரசத்தில் முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத் பயனுள்ளது, வழக்கு சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே ஒத்துக்கொண்டதை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. போகும் முன் உங்கள் வயது, வருமானம், பெருக்கெண் வைத்து ஒரு தாளில் நீங்களே கணக்குப் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

வக்கீல் 'வருவதில் இத்தனை சதவீதம்' என்று கேட்கிறார். சரியா?

இந்திய பார் கவுன்சிலின் விதி அதை அனுமதிக்கவில்லை. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் தரகர்களை அண்ட விடாதீர்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும்.

தீர்ப்பு வந்த பிறகு?

தொகையோடு வட்டியும் சேரும். பெரும்பாலும் மனுப் போட்ட நாளிலிருந்து கணக்கிடுவார்கள், தமிழ்நாட்டில் 7.5 சதவீதம் என்பது வழக்கம். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போக உத்தரவிட வேண்டும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. அதனால் உங்கள் பெயரிலேயே கணக்கு இருக்கட்டும். சிறுவர்களின் தொகை அவர்கள் வயதுக்கு வரும்வரை நிரந்தர வைப்பில் இருக்கும். படிப்புக்கோ சிகிச்சைக்கோ வேண்டுமென்றால் தீர்ப்பாயத்தில் மனுச் செய்து எடுக்கலாம்.

தொகை குறைவென்று தோன்றினால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தகராறில் உள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் முடியாது. மனுவில் நீங்கள் கேட்ட தொகையே உச்சவரம்பு என்று நினைக்க வேண்டாம். நியாயமான இழப்பீடு அதைவிட அதிகமென்று தெரிந்தால் நீதிமன்றம் கூடுதலாகவே வழங்கலாம் என்று 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கு நடக்கும்போதே காயம்பட்டவர் இறந்துவிட்டால், சாவுக்குக் காரணம் அந்தக் காயம்தானா என்ற கேள்வியில்லாமல், வாரிசுகள் வழக்கைத் தொடரலாம்.